அதாவது, இணையம் என்பது

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்க்கலாம். மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் 'அதாவது'. வாயைத் திறந்தால் அந்தச் சொல்லில்தான் தொடங்குவாள். பள்ளிக்கூடத்தில் "ஏன் லேட்டு?" என்று டீச்சர் கேட்டால், "அதாவது, லேட்டுன்னா எதுக்கு லேட்டுன்னு கேக்கறீங்க?" என்று ஆரம்பிப்பாள். மணியடித்து, வகுப்பு முடிந்து, டீச்சரே வீட்டுக்குக் கிளம்பும்வரை இருவரும் வாசலிலேயே நின்றிருந்த நாளும் உண்டு. வாய்த்துடுக்கு என்று சிலர் சொன்னார்கள். அது துடுக்கு இல்லை. எதற்கும் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்க்காமல் அவளால் தாண்டிப் போக முடியாது, அவ்வளவுதான்.

இந்தக் குணத்துக்கும் சம்பளம் கொடுக்க உலகத்தில் ஓர் இடம் இருந்தது. அகராதி அலுவலகம்.

முன்னொரு காலத்தில் கம்பளி மூட்டை அடுக்கிய கிடங்கு அது. மூட்டைகள் போய்விட்டன, மயிர்த்துகள் போகவில்லை. மத்தியான வெயில் உயரத்துச் சன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கும்போது, அறை முழுக்க வெள்ளையாக எதுவோ மிதந்துகொண்டே இருக்கும். வேலை செய்பவர்கள் எல்லாரும் பாதித் தூக்கத்தில் இருப்பவர்கள் மாதிரிதான் நடமாடுவார்கள். பேசினால் சொற்கள் கூடத் தரையில் விழாமல் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுத்தான் இறங்கும்.

அங்கே அவளுக்கு வேலை, சொற்களுக்குப் பொருள் எழுதுவது. நாற்காலி, கடன், கொட்டாவி, எதைக் கொடுத்தாலும் ஒரே வாக்கியத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அது திரை தாண்டியாக வேண்டும்.

திரை என்றால் நிஜமாகவே திரைதான். கிடங்கின் கடைசி அறையில் குறுக்கே கட்டிய கனமான பச்சைத் துணி. இந்தப் பக்கம் பொருள் எழுதியவர் வாயை மூடிக்கொண்டு உட்காருவார். அந்தப் பக்கம் ஊகிப்பவர். தலைமைப் பதிப்பாசிரியர் நடுவில் நின்று, டீ கிளாஸில் கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சொல்லை மறைத்துப் பொருளை மட்டும் வாசிப்பார். கேட்டவுடன் ஊகிப்பவர் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் அச்சுக்குப் போகலாம். தப்பாகச் சொன்னால் திருத்தி எழுத வேண்டும். அந்தத் தட்டலுக்காகவே அவருக்குக் கரண்டியார் என்று பெயர்.

கரண்டியார் சட்டங்களால் ஆன மனிதர். எழுதுபவரும் ஊகிப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயர்கூடத் தெரியக் கூடாது. எழுதுபவர்களுக்கு முன்வாசல், ஊகிப்பவருக்குப் பின்படி. அந்தப் படி இறங்குவது வேறு தெருவில். இந்தச் சட்டத்துக்கும் காரணம் உண்டு. பழைய பதிப்பு ஒன்றில் எழுதியவரும் ஊகித்தவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். 'கத்தரிக்கோல்: நேற்று உன் கையைக் கிழித்தது' என்று ஒருவர் எழுத, மற்றவர் சட்டென்று சொல்லிவிட, அது அப்படியே அச்சாகிவிட்டது. அதே பதிப்பில் 'மாமியார்' என்ற சொல்லுக்கு என்ன அச்சானது என்பதைக் கரண்டியார் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் அவர் காது மட்டும் சிவக்கும்.

'அதாவது'வின் கைப்பட்ட சொற்கள் விஷயத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. மற்றவர்கள் எழுதியதை ஊகிப்பவர் சில நேரம் கோட்டை விடுவார். அவளுடையதை விட்டதே இல்லை. 'குடை' என்பதற்கு, 'மழைக்கும் தலைக்கும் நடுவே பிடித்து, வெயில் வந்ததும் பேருந்தில் விட்டுவிட்டு வருவது' என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து "குடை" என்ற குரல் வந்தது. கூடவே, வரக்கூடாத இன்னொரு வாக்கியமும் வந்தது.

"கிடைச்சுதா?"

"விடையை மட்டும் சொல்லுங்க!" என்று கரண்டியார் அதட்டினார்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அவளுடைய குடையைப் பற்றி இந்த உலகத்தில் கவலைப்பட்ட முதல் ஆள்.

'தூக்கம்' என்ற சொல்லுக்கு அவள் எழுதியதை வாசிக்கும்போது, பாதி வாக்கியத்திலேயே கரண்டியார் நின்றபடி கண்ணை மூடிவிட்டார். திரைக்கு அந்தப் பக்கமும் குறட்டை. இரண்டு குறட்டைக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் கரண்டியார் கொஞ்சம் யோசித்து, குறட்டையையே விடையாக ஏற்றுக்கொண்டார். நம்பாதவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். படித்து முடிக்கும்வரை முழித்திருக்க முடிந்தால் சரி.

திரை துவைத்துத் துவைத்துச் சுருங்கி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஏறிப் போயிருந்தது. அந்த ஒரு சாணில் அவளுக்குத் தெரிந்தவை ஊகிப்பவரின் காலணிகள். ஒன்றில் பழுப்பு நாடா, மற்றதில் கறுப்பு நாடா. மற்றவர்கள் எழுதியதைக் கேட்கும்போது அந்தக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு அலட்சியமாக ஆடும். அவளுடைய செருப்பு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால், இரண்டும் சேர்ந்து நேராக நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குப் பொத்தான் கடை. கீழே கடை, மேலே வீடு. சுவரெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று தைத்திருக்கும்.

"பேரு?"

"தெரியாது."

"மூஞ்சி?"

"பாத்ததில்லம்மா."

"அப்ப என்னதான்டி தெரியும்?"

"அதாவது... ஷூ தெரியும்."

அம்மா கோத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். "எங்க காலத்துல மூஞ்சியப் பாத்து ஏமாந்தோம். நீ காலப் பாத்து ஏமாறப்போற. முன்னேற்றந்தான்."

இப்படி இருக்கும்போதுதான் அவள் மேசைக்கு 'இணையம்' என்ற சொல் வந்தது.

"இதுல ஒரு நிபந்தனை" என்றார் கரண்டியார். "கருவி பேரு எதுவும் வரக்கூடாது. இன்னிக்கு இருக்கிற கருவி நாளைக்கு இருக்காது. கம்பின்னு எழுதுவீங்க, கம்பியே இல்லாமப் போயிடும். கம்ப்யூட்டர்னு எழுதுவீங்க, அது மோதிரத்துக்குள்ள போயிடும். அது என்னங்கறத எழுதுங்க. எதுல வருதுங்கறது வேணாம்."

வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு ஆபீஸா?" என்றாள் அம்மா. "அந்த மூலையில பெட்டி இருக்குல்ல? பச்ச லைட்டு எரிஞ்சா இருக்கு, செவப்பு எரிஞ்சா இல்ல."

"அது பெட்டிம்மா. இணையம் இல்ல."

"அப்ப நான் பாட்டுக் கேக்கறேனே, அது?"

"அது அதுமேல நடக்கறது. அதுவும் இணையம் இல்ல."

"பெட்டியும் இல்ல, பாட்டும் இல்ல. அப்ப இல்லாத ஒண்ணுக்குத்தான் மாசாமாசம் பணம் கட்றேனா?"

அந்தக் கேள்வியோடு அவள் தூங்கப் போனாள். கனவில் இழுப்பறைகள் எல்லாம் தாமாகத் திறந்தன. பொத்தான்கள் மேலே எழும்பி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் புறப்பட்டு இன்னொன்றைத் தேடி மெதுவாகப் போயிற்று. எழுந்ததும் எழுதினாள்.

கரண்டி தட்டியது. "சின்னச் சின்ன வலைகள் தத்தம் வழியே இருந்தபடி ஒன்றோடொன்று சேர்ந்து, தலைமை என்று யாரும் இல்லாமல், உலகெங்கும் பரவி நிற்கும் பெருவலை."

பழுப்பு நாடாவும் கறுப்பு நாடாவும் நேராக நின்றன. நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"சொந்தக்காரங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. அவள் எழுதியதில் அவர் தப்பியது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் முறை இன்னும் கவனமாக எழுதினாள். "செய்தியைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த வழியிலெல்லாம் ஆளுக்கு ஆள் கைமாற்றி அனுப்பி, ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியே கொண்டுபோய், மறுமுனையில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு."

இந்த முறை குரல் யோசிக்கவே இல்லை. "வதந்தி!"

கரண்டியாரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபின் முகத்தை மாற்றிக்கொண்டார். "ஏம்மா, ரெண்டு ஆச்சு. சட்டம் தெரியும்ல?"

தெரியும். ஒரே சொல்லில் மூன்றாவது முறையும் தப்பினால், சொல் அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போகும். ஊகிப்பவர் நாற்காலியை விட்டு ஒரேயடியாக எழுந்துகொள்ள வேண்டும். பழகிப்போன காது வேலைக்கு ஆகாது என்பது கரண்டியாரின் கட்சி. எழுதியவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவள் அங்கேயே இருந்து, வேறொரு காலணிக்காக எழுதிக்கொண்டிருக்கலாம்.

அவர் போய்விட்டால் எங்கே தேடுவது? பின்படி எந்தத் தெருவில் இறங்குகிறதோ, அந்தத் தெருவிலிருந்து எத்தனை தெரு பிரிகிறதோ. கரண்டியாரின் வாயைக் கடப்பாறை போட்டாலும் திறக்க முடியாது. ஊர் பூரா குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்தான். அதற்குள் அவர் நாடாவை மாற்றிவிட்டால்?

அன்று சாயங்காலம் கடையில் அம்மா போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். பொத்தான் பார்சல் ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"தம்பி, நீ சைக்கிள்ல வா, பறந்து வா, அது உன் பாடு. வீட்டக் கேட்டுக்க. பொத்தான் கடைக்கு மேல நீலக் கதவு. இந்த ஊர்ல நீலக் கதவு வேற யாருக்கும் கெடையாது. ஆமா, ஒண்ணே ஒண்ணுதான். மொத ரெண்டு மணியும் அடிக்காது, மூணாவது மணிய அடி!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"அதாவது, அம்மா, வலை இருக்கு. வழியும் இருக்கு. ஆனா எங்க போய்ச் சேரணும்னு நான் எழுதவே இல்ல."

"பார்சலா?"

"இல்லம்மா. இணையம்."

"அது வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன. மொதல்ல பொத்தான் வரட்டும்."

அன்று தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவே அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கனவில் பொத்தான்கள் நூலை விட்டன, ஆனால் நூல்கள் வெறுமனே அலைந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் இடக்குறி கிடைத்ததும், நூல்கள் தயங்காமல் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர்ந்தவை ஒரே மொழியில் முணுமுணுத்தன. அந்த முணுமுணுப்பின் மேல் வீடும் கடையும் பாட்டும் சண்டையும் முளைத்தன. முளைத்தவற்றைக் கலைத்துவிட்டுப் பார்த்தாள். அடியில் மூன்றுதான் மிச்சம். முகவரி, ஒப்புக்கொண்ட பேச்சு, அதன்மேல் எதையும் கட்ட இடம்.

எழுந்து எழுதினாள். எழுதியதைப் படித்தாள். நன்றாக இருந்தது. ஆனால் முகவரி என்ற இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் இன்னும் தெளிவாக இருக்கும் என்று தோன்றியது. எடுத்துக்காட்டு தருவது அகராதியில் அனுமதிக்கப்பட்ட வழக்கம். அவள் சட்டத்தை மீறவில்லை. தாளை மட்டும் ஏனோ அம்மா பார்க்காமல் மடித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் கரண்டி தட்டியது. மிதக்கும் வெண்துகள்கள் கூட நின்று கேட்ட மாதிரி இருந்தது.

"ஒவ்வொரு முனைக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி முகவரி தந்து," என்று தொடங்கிய கரண்டியார், கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் எழுதியதை எழுதியபடி, நிறுத்தாமல் வாசிக்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். தன் சட்டத்தை மீறுவதைவிட அவர் கரண்டியை விழுங்கிவிடுவார். "எடுத்துக்காட்டாக, பொத்தான் கடைக்கு மேல், நீலக் கதவு, மூன்றாவது மணி... எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே பேச்சுமுறையால் அம்முனைகளைத் தமக்குள் பேசவைத்து, அந்தப் பேச்சின்மேல் மனிதர் கட்டிக்கொள்ளும் அனைத்துக்கும் இடங்கொடுக்கும், உரிமையாளர் இல்லாத வலைகளின் வலை."

அவள் குனிந்து பார்த்தாள். பழுப்பு நாடாக் கால் ஒருமுறை லேசாகத் தரையைத் தட்டியது. இதை ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டால் நாளைக்கும் இந்தக் காலணிகள் இங்கே இருக்கும்.

"வீடு" என்றது குரல்.

கரண்டியார் கரண்டியைக் கீழே வைத்தார். "இல்லைங்க" என்றார். ஆச்சரியமாக, அவர் குரலும் இறங்கியிருந்தது. "எழுந்துக்கோங்க."

நாற்காலி கிரீச்சிட்டது. காலணிகள் எழுந்தன. திரையைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றன. பிறகு பின்படிப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு படியாகச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போயின.

அவள் வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. குடை இல்லாமல் மழையில் முகமெல்லாம் நனைந்து வந்தாள் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு மழையே பெய்யவில்லை.

"தப்பாச் சொல்லிட்டாரும்மா. அவருக்கே புரியலைன்னா நான் எழுதினது யாருக்கும் புரியாது."

"விடு. இன்னொரு ஷூ வரும்."

"எனக்கு இந்த ஷூதான் வேணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. மூன்றாவது மணி.

"பார்சல்காரனா இருக்கும், போய்ப் பாரு" என்றாள் அம்மா.

நீலக் கதவு அடியில் தேய்ந்து, அதற்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. அவள் கதவருகே போனாள். வழக்கம் விடுமா? குனிந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு காலணிகள். ஒன்றில் பழுப்பு நாடா, ஒன்றில் கறுப்பு நாடா. நேராக நின்றன.

"யாருடி அது?"

"அதாவது..."

"ஆரம்பிச்சுட்டா! மொதல்ல கதவத் தெற!"

திறந்தாள். காலணிகளுக்கு மேலே ஒரு மனிதர் முழுசாக இருந்தார். சற்று முன்வழுக்கை, மூக்கில் கண்ணாடித் தழும்பு, கையில் ஒரு புதுக் குடை.

"பழசு கிடைச்சுதான்னு தெரியல" என்று குடையை நீட்டினார். "இந்த ஊர்ல பொத்தான் கடை எத்தன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? நல்லவேள, நீலக் கதவு ஒண்ணுதான்."

அவள் குடையை வாங்கவில்லை. "விடை உங்களுக்குத் தெரியலையா?"

"இணையம். முதல் பாதியிலேயே தெரிஞ்சுடுச்சே."

"தெரிஞ்சேவா தப்பாச் சொன்னீங்க?" அவளுக்கு வந்ததே கோபம். "நாலு நாளா உசிரக் குடுத்து எழுதினேன்! ஒரு குத்தம் சொல்ல முடியாத பொருளுங்க அது! தோத்துப்போச்சேன்னு நான் இங்க..."

"எங்கங்க தோத்துது? முகவரி குடுத்தீங்க. நான் வந்து சேர்ந்துட்டேன்ல? இதவிட என்ன பரீட்சை வேணும்?" அவர் கொஞ்சம் தயங்கினார். "சரியாச் சொல்லியிருந்தா அந்த நாற்காலியிலேயே உக்காந்திருக்கணும். உக்காந்திருக்கிற வரைக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியாது. எனக்கு ஒரு பக்கம் உங்க செருப்பு, இன்னொரு பக்கம் உங்க வாசல். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக 'அதாவது' வரவில்லை.

"வேல போச்சே தம்பி?" என்று உள்ளேயிருந்து அம்மாதான் கேட்டாள்.

"அது அரை நாள் வேலதாங்க. காலைல மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கேன். 'இது தெரியுதா, இது தெரியுதா'ன்னு ஊரக் கேட்டுட்டு, மத்தியானம் அகராதி ஆபீசுக்கு வந்து, தெரியுதான்னு மத்தவங்க கேக்கறதுக்கு பதில் சொல்லிட்டிருந்தேன்."

"அது சரி. நாடா ரெண்டும் ஒரே கலர்ல போட மாட்டீங்களா? இங்க வாங்க, நான் தரேன்."

"போட்டிருந்தா நான்தான்னு உங்க பொண்ணுக்கு எப்படிங்க தெரியும்?"

அம்மாவுக்கு அந்தப் பதிலே போதும். உலை வைக்க எழுந்து போனாள்.

கல்யாணம் நடந்தது. கரண்டியாரும் வந்தார். திரை இல்லாமல் இருவரையும் சேர்த்துப் பார்க்கக் கூசி, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாழ்த்தினார். அதற்கு அடுத்த பதிப்பில் 'இணையம்' மறுபடியும் திரைக்கு வந்தது. புதிதாக வந்த ஊகிப்பவர், கரண்டியார் வாசித்து முடிப்பதற்குள் "இணையம்!" என்று கத்திவிட்டார். திரை தாண்டிய பொருளில் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்பது சட்டம். கரண்டியார் எடுத்துக்காட்டின் மேல் பேனாவை வைத்தார், பெருமூச்சு விட்டார், பேனாவை எடுத்துவிட்டார். அப்படியே அச்சாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவுக்கு வண்ணம் மாற்ற வழியில்லாமல் போயிற்று. வெள்ளையடிக்கும் காலம் வந்தால் அம்மா பச்சை வேண்டும் என்பாள். "பச்ச அடிச்சா அகராதி பொய்யாயிடும்மா" என்பாள் மகள். "பேசாம நீலமே அடிச்சிடுங்க அத்த, எனக்கும் வழி மறக்காது" என்பார் மருமகன். நீலந்தான் அடிப்பார்கள்.

மூன்றாவது மணி மட்டும் ஓய்வதில்லை. அகராதியைப் படித்துவிட்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். படிக்கிற பெண் ஒருத்தி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வழி தவறிய தபால்காரர், யாரோடாவது பேச வேண்டும் போல இருந்தது என்று சொல்லிக்கொண்டு ஒருவர். படியேறி மூச்சு வாங்கி நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்பார்கள்.

"இங்க... இணையம்னு போட்டிருந்துச்சே?"

அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு மூலையை எட்டிப் பார்ப்பாள்.

"பச்ச லைட்டு எரியுது. இருக்கு. உள்ள வாங்க."